பழைய காயம், புதிய வலி: டெக்னிக்கல் டைவர்கள் உடம்பு விஷயத்தில் செய்யும் தவறுகள்

டைவ் முடித்து மேலே வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. 55 மீட்டர், டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலவை), ஒரு மணி நேரத்துக்கும் மேல் டீகோ, அதாவது உடம்பில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று காத்திருப்பது. எதுவும் திட்டம் தப்பாமல் முடிந்த டைவ். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினேன், இடது தோளுக்குள் எங்கோ ஆழத்தில் மந்தமாக ஒரு வலி. பல வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தபோது நழுவிய தோள் அது. 'பழைய வலிதான், சிலிண்டர் தூக்கியதில் கிளம்பியிருக்கும்' என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் வலி இல்லை. அது பெண்ட்ஸா (கரைந்த வாயு உடம்புக்குள் குமிழியாகி வரும் நோய்), பழைய காயமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. ஆக்சிஜன் எடுக்கவில்லை. மாத்திரையால் வலியை மூடினேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், டைவுக்கு முதல் நாள் அந்தத் தோள் எப்படி இருந்தது என்று பார்த்துவைக்கவில்லை. ஒரே மாலையில் நான்கு தவறுகள். பயிற்சி இல்லாதவன் செய்த தவறுகள் அல்ல, எல்லாம் தெரிந்தவன் செய்தவை. அதனால்தான் எழுதுகிறேன்.

60 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மீது 7 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜனும் ஹீலியமும் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகின்றன. மேலே வரும்போது கரைந்த வாயு நிதானமாக நுரையீரல் வழியே வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் குமிழியாகும். எவ்வளவு நிதானம் என்று 1908-இல் கணக்குப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அவரும் அவருடைய குழுவினரும் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். வலி கண்ட ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். வாயு கரையும், வெளியேறும் வேகத்தை வைத்து அவர் உடம்பை ஐந்து கற்பனைப் பெட்டிகளாகப் பிரித்தார். இன்று பல டைவ் கம்ப்யூட்டர்களில் ஓடும் பியூல்மன் கணக்கில் பெட்டிகள் 16. அந்தப் பதினாறில் எதற்கும் 'முழங்கால்' என்றோ 'நழுவிய தோள்' என்றோ பெயர் கிடையாது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவிக்கு ஆழமும் நேரமும் கொடுத்த வாயுவும் தெரியும். நேற்று நீங்கள் தூங்கினீர்களா, போன மாதம் கணுக்கால் பிசகியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

"அது பழைய வலிதான்"

பழைய காயம் உள்ள இடத்தில் பெண்ட்ஸ் வரும் வாய்ப்பு அதிகம் என்று டைவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. தழும்பேறிய திசுவில் ரத்த ஓட்டம் மாறியிருக்கும், அதனால் வாயு வெளியேறுவது தாமதமாகும் என்பது அதன் தர்க்கம். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கும் வலுவான ஆதாரம் இல்லை. முழுதாக ஆறி, நல்ல அசைவும் பலமும் திரும்பிய மூட்டைப் பார்த்து அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பழைய காயத்தின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது நமக்கு ஒரு சாக்கைக் கொடுக்கிறது. பெண்ட்ஸ் வந்த டைவர்களுக்கு மூட்டு வலி அதிகம் தெரியும் இடங்களில் தோள் முக்கியமானது. வாழ்க்கையில் பலரும் அடிபட்டுக்கொள்ளும் இடங்களில் ஒன்றும் அதுதான். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது, 'பழசுதான்' என்ற பதில் மனதுக்கு எவ்வளவு இதமாக இருக்கும் தெரியுமா? பெண்ட்ஸ் என்றால் டைவ் பயணமே பாழ், மருத்துவமனை, நண்பர்கள் முன் ஒரு மாதிரியான கூச்சம். பழைய வலி என்றால் ஒன்றும் இல்லை. மனசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொதுவாக, பெண்ட்ஸ் மூட்டு வலி உள்ளுக்குள் ஆழமாக, விரலால் 'இங்கேதான்' என்று காட்ட முடியாதபடி இருக்கும். அழுத்தினாலும் அசைத்தாலும் பெரிதாக மாறாது. பழைய காயமோ குறிப்பிட்ட ஒரு அசைவில் சுரீர் என்று காட்டும். இந்த வித்தியாசம் ஒரு துப்பு, அவ்வளவுதான். இதை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது. டீகோ டைவ் முடிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் புதிதாக வந்த வலியோ மரத்துப்போவதோ எதுவானாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை பெண்ட்ஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நூறு சதவீத ஆக்சிஜன், படுத்த நிலை, டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவருக்கு போன். ஆக்சிஜன் எடுத்ததும் வலி குறைந்துவிட்டால் 'சரி, முடிந்தது' என்று முகமூடியைக் கழற்றிவிடுவது அடுத்த தவறு. வலி அடங்கி மறுபடி திரும்பி வருவது உண்டு. அழுத்த அறைக்குள் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சைக்கு வழக்கமாகப் பின்பற்றும் அமெரிக்கக் கடற்படையின் 6-ஆம் அட்டவணையே 18 மீட்டர் அழுத்தத்தில் தொடங்கி 4 மணி 45 நிமிடம் ஓடுகிறது. படகில் அரைமணி நேரம் முகமூடி வைத்திருந்தது அதற்கு ஈடாகாது.

இடுப்பில் டிஸ்க் விலகியவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். ஏற்கெனவே ஒரு காலில் மரத்துப்போன பட்டை இருக்கிறது, டைவுக்குப் பிறகு அதே கால் மரக்கிறது என்றால் அது டிஸ்கா, தண்டுவடத்தில் குமிழியா? தண்டுவட பெண்ட்ஸ் நடக்கவும் சிறுநீர் கழிக்கவும் முடியாமல் செய்துவிடக் கூடியது, தாமதத்தையும் அது மன்னிக்காது. இதற்கு ஒரே வழி, டைவுக்கு முன்பே உடம்பை எழுதிவைப்பது. நான் இப்போது பயணம் தொடங்கும் அன்று ஐந்து நிமிடம் செலவழிக்கிறேன். கண்ணை மூடி ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது, குதிகாலும் விரலும் தொட்டபடி நேர்கோட்டில் நடக்க முடிகிறதா, இரண்டு கைகளின் பிடியும் சமமா, தொடையிலும் பாதத்திலும் தொடு உணர்வு எப்படி. என் லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி: "இடது கை: தலைக்கு மேல் தூக்கலாம், வலி இல்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் வலி, பத்துக்கு மூன்று." அன்றைக்கு இந்த ஒரு வரி இருந்திருந்தால் தோள் புதிர் ஆகியிருக்காது. கையை நீட்டினாலே வலிக்கிறது, முதல் நாள் வலிக்கவில்லை, ஆகவே இது புதுசு.

டைவுக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை இல்லாமல் இறங்க முடியாத முழங்கால், அன்றைக்கு டீகோ டைவுக்குத் தயாரான முழங்கால் அல்ல. மேலும், மேலே வந்தபின் எச்சரிக்க வேண்டிய வலியையும் அதே மாத்திரை வாயடைத்துவிடும்.

உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் எப்போது?

ஜிம்முக்குப் போகிறவர்கள் பலர் தவறுவது பயிற்சியில் அல்ல, நேரத்தில். ஆழத்தில் இருக்கும்போது கடுமையாக உழைத்தால் தசைகளுக்கு ரத்தம் அதிகம் பாயும், கூடவே வாயுவும் அதிகம் கரையும். கம்ப்யூட்டர் சும்மா மிதந்தவனுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து உதைத்தவனுக்கும் ஒரே கணக்கைத்தான் போடும். டீகோ நிறுத்தங்களில் நிலைமை தலைகீழ். அங்கே சிலை மாதிரி தொங்குவதைவிட காலையும் கணுக்காலையும் மெதுவாக அசைத்துக்கொண்டிருப்பது ரத்த ஓட்டத்துக்கும் வாயு வெளியேறவும் உதவும். மூட்டு வலி உள்ளவர்கள் அந்தக் காலை அசைக்காமலே ஒரு மணி நேரம் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வலிக்காத அளவுக்காவது அசைக்க வேண்டும்.

மேலே வந்த பிறகுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. நல்ல டீகோ செய்தவர் உடம்பிலும் இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தத்தில் குமிழிகள் ஓடிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடும். ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய சிறு துளை முழுதாக மூடாமல் இருக்கிறது. மூச்சை அடக்கி முக்கித் தூக்கும்போது வலப்பக்க அழுத்தம் கூடி, அந்தத் துளை வழியாகக் குமிழிகள் வடிகட்டியைத் தாண்டி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் ரத்தத்தில் கலக்கலாம். துளை இல்லாதவர்களிலும் கடும் உழைப்பு நுரையீரலின் குறுக்கு வழிகளைத் திறந்துவிடும்.

இப்போது ஒரு படகு ஏணியைக் கற்பனை செய்துபாருங்கள். முதுகில் இரட்டை 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர், வால்வு, பட்டை எல்லாம் சேர்த்து சுமார் 40 கிலோ. இரண்டு பக்கமும் டீகோ சிலிண்டர்கள். படகு ஆடுகிறது. முதல் படியில் கால் வைத்து, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து ஒரு தம். இந்த விளையாட்டுக்கு இதைவிட மோசமான நேரம் கிடைக்காது! டீகோ சிலிண்டர்களைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். மேற்பரப்பில் சில நிமிடம் சும்மா மிதந்துவிட்டு, ஏறும்போது மூச்சை விட்டபடி ஏறுங்கள். முதுகுப் பிரச்சினை இருந்தால் முழு செட்டையும் தண்ணீரில் கழற்றக் கூச்சப்படாதீர்கள். பக்கவாட்டில் சிலிண்டர் மாட்டும் சைடுமவுன்ட் முறைக்கு மாறிய முதுகு வலிக்காரர்கள் பலர். அப்புறம், மாலை ஜிம், ஓட்டம் எல்லாம் அன்றைக்கு வேண்டாம். கடினமான பயிற்சியை டைவுக்கு ஒரு நாள் முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது.

"நான் ஃபிட், எனக்குக் குறைவான டீகோ போதும்"

இதைச் சொல்லும் ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். நல்ல இதய நுரையீரல் தகுதி உதவும் என்பது உண்மை. கொழுப்பில் நைட்ரஜன் தண்ணீரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும், ஆகவே எடை குறைவாக இருப்பதும் உதவும். ஆனால் உடற்தகுதி என்பது பையில் வைத்துக்கொள்ளும் உபரி, டீகோ நிமிடங்களைக் கழித்து வாங்கும் பணம் அல்ல. நீரோட்டம் திடீரென்று கூடும்போதோ, கூட்டாளியை இழுத்துவர வேண்டியிருக்கும்போதோ அந்த உபரி செலவாகும்.

எவ்வளவு ஃபிட்டாக இருந்தாலும் வாயுவின் அடர்த்தியை வெல்ல முடியாது. ஆழம் கூடக்கூடச் சுவாசிக்கும் வாயு தடிக்கும், நுரையீரலால் வேண்டிய அளவு காற்றை வெளியேற்ற முடியாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள், 6.2-ஐ எந்த நிலையிலும் தாண்டாதே என்பது இன்றைய பரிந்துரை. வெறும் காற்று 30 மீட்டரிலேயே முதல் எல்லையைத் தொட்டுவிடும். 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் நீர்க்குகையில், சுமார் 270 மீட்டர் ஆழத்தில், முன்பு இறந்த ஒரு டைவரின் உடலை மீட்க முயன்ற டேவிட் ஷா அங்கேயே உயிரிழந்தார். தேர்ந்த டைவர். அந்த ஆழத்தில் செய்த உழைப்பால் கார்பன் டை ஆக்சைடு தேங்கியதே காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஜிம்மில் எத்தனை கிலோ தூக்குகிறோம் என்பதை அந்த ஆழம் கேட்பதில்லை.

குளிரும் அப்படித்தான். அமெரிக்கக் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவு சுமார் 37 மீட்டர் ஆழத்துக்கான அழுத்தத்தில் செய்த சோதனையில், கீழே 30 நிமிடம் வெதுவெதுப்பாக இருந்து டீகோவில் குளிர்ந்தவர்களில் 22 சதவீதம் பேருக்குப் பெண்ட்ஸ் வந்தது. கீழே குளிர்ந்து டீகோவில் வெதுவெதுப்பாக இருந்தவர்கள் 70 நிமிடம் கீழே இருந்தும் வந்தது 1.3 சதவீதம்தான். நாம் வழக்கமாகச் செய்வது முதல் வகை. இறங்கும்போது சூடு, டீகோவில் நடுக்கம். சூடேற்றும் உள்ளாடை இருந்தால் கீழே குறைத்து வைத்து, டீகோவில் கூட்டுங்கள். அது பழுதானால் என்ன செய்வது என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடிப்பது

மருத்துவப் படிவத்தில் அறுவை சிகிச்சை, உயர் ரத்த அழுத்தம், முதுகு என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். 'இருக்கிறது' என்று எழுதினால் மருத்துவரிடம் அனுப்புவார்களே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறோம். ரத்த அழுத்தம் இதில் நாம் நினைப்பதைவிடப் பெரிது. தண்ணீருக்குள் இறங்கியதும் கால்களில் இருக்கும் ரத்தத்தில் ஒரு பங்கு மார்புக்குத் தள்ளப்படும். கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து கூடும். டைவர்களின் மரணங்களில் கணிசமான பங்கு இதயத்தால்தான் வருகிறது, பெண்ட்ஸால் அல்ல.

ஜவ்வு கிழிந்து சரிசெய்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் எப்போது திரும்பலாம்? நாள்காட்டி சொல்லாது. முழு எடையோடு ஏணி ஏற முடிகிறதா, கையைத் தலைக்குப் பின் கொண்டுபோய் வால்வை மூட முடிகிறதா, காலில் துடுப்போடு கூட்டாளியை இழுக்க முடிகிறதா என்று ஆழம் குறைந்த தண்ணீரில் செய்துபாருங்கள். நழுவிய தோள்காரர்கள் அந்த வால்வுச் சோதனையில்தான் தோற்பார்கள். நானும் முதல் மூன்று மாதம் தோற்றேன். இதயத் துளையை மூடிக்கொண்டவர்களும், அது முழுதாக அடைந்துவிட்டதா என்று பரிசோதித்து மருத்துவர் அனுமதித்த பிறகே இறங்க வேண்டும். மூடிய துளை முன்னைவிட ஆக்ரோஷமாக டைவ் செய்ய உரிமம் அல்ல.

கடைசியாக விமானம். பயண விமானத்தின் உள்ளே அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் மலை உயரம்வரை குறையலாம். டீகோ டைவுக்குப் பின் 18 மணி நேரத்துக்கு நன்றாக மேலாகக் காத்திருக்கச் சொல்கிறார்கள், பலர் 24 மணி நேரம் வைத்துக்கொள்கிறார்கள். தோளிலோ முழங்காலிலோ சந்தேகமான ஒரு வலி இருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. டிக்கெட்டை மாற்றிவிட்டு, லாக் புத்தகத்தையும் டைவ் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் கேட்பது எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைத்தான்.