சின்ன நாய்க்கு வீட்டில் குட்டி எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வீட்டில் ஒரு பொமரேனியனோ ஷிட்சுவோ வைத்திருப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் “ஒரு தடவையாவது குட்டி எடுத்துப் பார்ப்போமே” என்று கிளம்பிவிடுகிறார்கள். என்னிடம் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, நல்ல கடுவன் எங்கே கிடைக்கும் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகளில் அது நாலாவதோ ஐந்தாவதோ. அப்புறம் நடந்ததை வந்து சொல்வார்கள். கேட்டால், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துகள், அதே வரிசையில்.

முதல் ஹீட்டில், அதாவது பெட்டை முதன்முதலாகப் பருவத்துக்கு வரும்போது, சேர்க்கக் கூடாது, தடுப்பூசியும் பூச்சி மருந்தும் முன்பே முடித்திருக்க வேண்டும், உடன்பிறந்தவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடுவனின் முகத்தை மட்டும் பார்ப்பது

முகம், முடி, நிறம் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் முதலில் அதை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பேன். சில சின்ன நாய்கள் ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று அடி தத்திப் போகும். பிறகு காலை ஒரு உதறு உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். வீட்டுக்காரர்கள் அதைச் செல்லச் சேட்டை என்று வீடியோ எடுத்து வைத்திருப்பார்கள். முழங்கால் சில்லு இடம் விலகுவதுதான் அது. சின்ன இனங்களில் சாதாரணமாகக் காணப்படுவது, பரம்பரையாகவும் வருவது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். எக்ஸ்ரேகூட முதலில் தேவைப்படாது.

பெட்டைக்கும் அதே சோதனை உண்டு. கூடவே இரண்டுக்கும் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை. அந்தக் கிருமி இருந்தால் சினையின் கடைசி வாரங்களில் குட்டிகள் கலைந்துபோகும். மருந்து கொடுத்தாலும் முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை. மனிதருக்கும் தொற்றும். “எங்க நாய் வெளியவே போகாதுங்க” என்று சொல்லும் கடுவன்காரர்தான், மாதம் நாலு பெட்டைகளுக்குக் கிராஸ் விடுகிறவர்.

நிறத்துக்காக மெர்ல் நாயை, அதாவது முடியில் திட்டுத் திட்டாக நிறம் வெளிறிய நாயை, இன்னொரு மெர்லோடு சேர்க்காதீர்கள். சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மரபணு வந்து சேரும். அந்தக் குட்டிகளில் காது கேளாமையும் கண் குறைபாடும் அதிகம்.

சின்னப் பெட்டைக்குப் பெரிய கடுவன்

வேண்டாம். பெட்டையைவிடக் கடுவன் ஒரு பிடி சின்னதாகவே இருக்கட்டும்.

தேதியைக் கிராஸ் நாளிலிருந்து எண்ணுவது

63 நாள் என்ற கணக்கு சரிதான். ஆனால் அது முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து. வெளிப்பட்ட முட்டை தயாராக இன்னும் இரண்டு நாள் பிடிக்கும். கடுவனின் விந்தணுவோ பெட்டையின் உடம்புக்குள் பல நாள் உயிரோடு இருக்கும். அதனால் கிராஸ் விட்ட நாளிலிருந்து எண்ணினால் 57 நாளிலும் குட்டி வரலாம், 70 நாளிலும் வரலாம். சாதாரணப் பிரசவத்துக்கு இந்த இழுபறி பரவாயில்லை. ஆபரேஷன் என்று வந்தால் அப்படி இல்லை. நாலு நாள் முன்னால் எடுத்துவிட்டால் குட்டியின் நுரையீரல் முதிர்ந்திருக்காது. ஹீட் சமயத்தில் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்து முட்டை வெளிப்பட்ட நாளைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு தடுமாற வேண்டியதில்லை. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

கடைசி வாரம் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38-க்கு மேல் இருப்பது 37.2 டிகிரிக்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். இறங்கியதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, மறுபடி ஏறிய பிறகு அளந்துவிட்டு “இன்னும் நாள் இருக்கு” என்று தூங்கப் போனவர்கள் உண்டு.

ஸ்கேன் எடுத்தாச்சே, எக்ஸ்ரே எதற்கு?

ஸ்கேன் சினையா இல்லையா என்று சொல்லும், குட்டிக்கு இதயம் துடிக்கிறதா என்று காட்டும். எத்தனை குட்டி என்பதில் அதை நம்ப முடியாது. 55 நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் மண்டை ஓட்டையும் முதுகெலும்பையும் எண்ணிவிடலாம். எண்ணிக்கை தெரியாவிட்டால், மூன்று குட்டி வெளியே வந்து நாலாவது உள்ளே சிக்கியிருப்பதும் தெரியாது.

சின்ன இனங்களில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒற்றைக் குட்டி. பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது குட்டிகளின் உடம்பிலிருந்து வரும் ஹார்மோன் சமிக்ஞை. உள்ளே ஒன்றே ஒன்று இருந்தால் அந்தச் சமிக்ஞை போதாமல் போகலாம். நாள் தள்ளிப்போகும், இடம் தாராளமாக இருப்பதால் குட்டி பெருத்துவிடும், கடைசியில் வெளியே வர வழி இருக்காது. ஒற்றை என்று எக்ஸ்ரே சொன்னால் ஆபரேஷன் தேதியை மருத்துவரிடம் அன்றே பேசிவிடுங்கள். ஆபரேஷனுக்கான பணத்தைக் கிராஸ் விடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் குட்டி எடுக்கும் யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

சினைக் காலத்தில் கால்சியம் கொடுப்பது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. சினை என்று தெரிந்த அன்றே சிரப் பாட்டில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. குட்டிக்கு எலும்பு வளரணும், தாய்க்குப் பால் ஊறணும், கால்சியம் கொடுத்தால் நல்லதுதானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் ஊற்றியவன்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு ஷிட்சுவுக்கு, லூசி என்று பெயர், ஐந்து குட்டி. அந்த அளவு உடம்புக்கு ஐந்து என்பது பெரிய ஈத்து. சினை முழுக்கக் காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி என்று சிரப் கொடுத்திருக்கிறார். சொல்லிக் கொடுத்தவர் நாய் வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று பேரெடுத்த ஒருவர். குட்டி போட்ட சமயம் பாட்டில் தீர்ந்தது, அதோடு நிறுத்திவிட்டார்.

மூன்றாவது வாரம், ராத்திரி நேரத்தில் போன்.

“அண்ணே, லூசி குட்டிங்ககிட்ட படுக்கவே மாட்டேங்குது. நாக்கைத் தொங்கப் போட்டு இளைச்சுக்கிட்டே இருக்கு. மூஞ்சியைத் தரையில தேய்க்குது. உண்ணி ஏதாச்சும் இருக்குமோன்னு முடியை விலக்கி விலக்கிப் பார்த்துட்டோம், ஒண்ணும் இல்ல.”

“கீழ விட்டு நடக்க வைங்க. காலைப் பார்த்துச் சொல்லுங்க.”

“நடக்குது. ஆனா காலை மடக்காம வெறைப்பா வச்சு வச்சு நடக்குதுண்ணே.”

குட்டிகளைப் பிரித்துத் தனிப் பெட்டியில் போட்டுவிட்டு இந்த நிமிடமே கிளம்பச் சொன்னேன். வழியிலேயே உடம்பு முழுக்க நடுக்கம். மருத்துவமனை வாசலில் இழுப்பு, அதாவது வலிப்பு, வந்துவிட்டது. காய்ச்சல் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. மருத்துவர் ஒரு கையால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மருந்து உள்ளே போகப் போக நடுக்கம் அடங்கியது, விறைத்திருந்த கால்கள் தளர்ந்தன. லூசி பிழைத்துக்கொண்டது. அந்த ஐந்து குட்டிகளுக்கும் பாட்டிலில் பால் கொடுத்தே வீட்டில் எல்லோரும் ஒரு வழியாகிவிட்டார்கள்.

மறுநாள் அவர் என்னிடம் கேட்டது: “கால்சியம் குறைஞ்சுடுச்சாம் அண்ணே. அப்போ அடுத்த தடவை டோஸைக் கூட்டிக் கொடுக்கணுமா?”

எரிச்சல் வந்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்துதான் இழுப்பு வருகிறது, அது உண்மை. ஆனால் சிரப் பற்றாததால் குறையவில்லை. கழுத்தில் பாராதைராய்டு என்று சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் இறங்கும்போதெல்லாம் எலும்பிலிருந்து எடுத்துவிடச் சொல்வதும், குடலில் கூடுதலாக உறிஞ்ச வைப்பதும் அவற்றின் வேலை. சினை முழுக்க வெளியிலிருந்து கால்சியம் கொட்டிக்கொண்டே இருந்தால் அவற்றுக்கு வேலை இல்லை. கேட்காமலே வீட்டுக்குப் பணம் வந்துகொண்டிருந்தால் பிள்ளை சம்பாதிக்கக் கிளம்பாது, அதுபோலச் சோம்பிக் கிடக்கும். குட்டி போட்டதும் பால் சுரப்பு உச்சத்துக்குப் போகிறது. பாலில் கால்சியம் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் சுரப்பி உடனே விழித்து வேலையைப் பிடிக்க முடிவதில்லை. சில மணி நேரத்துக்குள் நாய் கீழே விழுந்துவிடும். சின்ன உடம்பும் பெரிய ஈத்தும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். பெரும்பாலும் குட்டி போட்ட முதல் நாலு வாரத்துக்குள் வரும், அபூர்வமாகப் பிரசவத்துக்கு முன்பும் வரும்.

அப்படியென்றால் என்ன கொடுப்பது? சினையின் கடைசி மூன்று வாரமும் பால் கொடுக்கும் காலம் முழுதும் நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல தரமான உணவு. கால்சியமும் பாஸ்பரஸும் அதில் சரியான விகிதத்தில் கலந்தே வருகின்றன. மேலே எதுவும் தூவ வேண்டாம். எலும்பு மாவும் வேண்டாம். வீட்டில் சமைத்த இறைச்சியையே கொடுக்கிறவர்கள், அதை எப்படிச் சமன் செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், ஏனென்றால் வெறும் இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. முந்தைய ஈத்தில் இழுப்பு வந்த நாய்க்கு, குட்டி போட்ட பிறகு மருத்துவரே மாத்திரையாகக் கால்சியம் எழுதித் தருவதுண்டு. இங்கேதான் குழப்பம். குட்டி போட்ட பிறகு அவர் எழுதித் தருவதை, அடுத்த முறை “போன தடவை டாக்டரே சொன்னாரே” என்று சினையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மேல் மூச்சு, நிலைகொள்ளாமை, முகத்தைத் தேய்ப்பது, விறைப்பான நடை. பால் கொடுக்கும் சின்ன நாயிடம் இதில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் சிரப்பை ஊற்றவும் கூடாது, இழுப்பு வரும் நேரத்தில் புரையேறும்.

பிரசவ ஊசியை நீங்களே போடுவது

போடாதீர்கள். குட்டி குறுக்கே அடைத்துக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிடோசின் போட்டால் கர்ப்பப்பையே கிழியலாம்.

“இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்”

அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் கிளம்புங்கள். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனாலும் அப்படித்தான். முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சைக் கசிவு கண்டால் கடிகாரம் பார்க்கவே வேண்டாம், உள்ளே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது. முதல் குட்டிக்குப் பிறகு அதே நிறம் வந்தால் பயமில்லை. குட்டி பின்பக்கமாக வருவதும் சகஜம்தான், அதற்காகப் பதற வேண்டாம்.

ராத்திரியில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், அங்கே ஆபரேஷன் செய்ய ஆள் இருப்பார்களா என்பதைப் பகலில், ஒரு வாரம் முன்பே, போன் செய்து கேட்டு வையுங்கள்.

சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டுவது

குட்டி கத்துகிறது அல்லது துவண்டு கிடக்கிறது, பசி என்று நினைத்து உடனே பாட்டிலை வாயில் வைப்பார்கள். முதலில் தொட்டுப் பாருங்கள். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் குடல் அசைவு நின்றுவிடும். ஊட்டிய பால் அப்படியே தங்கும், மேலேறி நுரையீரலுக்குள்ளும் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். சூடும் அவசரமாக ஏற்றக் கூடாது, மெதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறட்டும்.

முதல் வாரம் குட்டிகள் படுத்திருக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி இருக்கட்டும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடு வையுங்கள். அதிகமானால் குட்டி தானே மறுபக்கம் ஊர்ந்து போகும். பாட்டிலில் கொடுக்க நேர்ந்தால் குட்டி குப்புறப் படுத்த நிலையில் குடிக்க வேண்டும். கைக்குழந்தையை ஏந்துவதுபோல மல்லாத்திப் பிடிக்கவே கூடாது.

பிறந்த முதல் நாளுக்குள் எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பெரிய குட்டிகள் நல்ல காம்பைப் பிடித்துக்கொள்ளும். ஓரமாகத் தள்ளப்படுகிறதைக் கொண்டுபோய் நீங்கள்தான் காம்பில் வைக்க வேண்டும்.

தராசு இல்லாமல் இருப்பது

கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். 100 கிராம் குட்டிக்கு 10 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு, கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. பத்து நாள் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகியிருக்க வேண்டும்.

டீகப்

மிகச் சின்ன நாய்களை விற்பதற்காக வைத்த பெயர் அது. அப்படி ஓர் இனம் கிடையாது.

ஆறு வாரத்தில் கொடுத்துவிடுவது

எட்டு வாரத்துக்கு முன்னால் எந்த நாய்க்குட்டியையும் பிரிக்கக் கூடாது. சிவாவா, யார்க்ஷயர் டெரியர் மாதிரி மிகச் சின்ன இனங்களுக்கு நான் பத்து, பன்னிரண்டு வாரம்வரை வைத்துக்கொள்வேன். வாங்குகிறவர் “சின்னதா இருக்கும்போதே கொடுங்க, அப்பதான் எங்ககிட்ட ஒட்டும்” என்பார். ஒட்டுவது இருக்கட்டும். அந்த வயதில் புது வீடு, பயணம், பயத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாலே ரத்தச் சர்க்கரை இறங்கிக் குட்டி தள்ளாட ஆரம்பித்துவிடும். கொடுக்கும்போது சாப்பிட்டுப் பழகிய அதே உணவில் ஒரு வாரத்துக்கானதையும், எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். குட்டி துவண்டால் ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் குட்டியைக் கொஞ்சுகிற சந்தோஷத்தில் யாருக்கும் காதில் விழாது.