120 வினாடி தலை தூக்கு: டெர்மடோமயோசைடிஸ் வந்த பிள்ளையை வீட்டில் எப்படிக் கவனிப்பது

நான் டெய்லர். என் மகளுக்கு 7 வயதில் ஜுவனைல் டெர்மடோமயோசைடிஸ் வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் ரத்தக் குழாய்களையே தாக்கி, தோலையும் தசையையும் ஒருசேரக் கெடுக்கிற நோய். பத்து லட்சம் பிள்ளைகளில் வருடத்துக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் வரும். அதனால் பக்கத்து வீட்டில் யோசனை கேட்க ஆள் கிடைக்காது.

முதலில் நாங்கள் ஏமாந்த கதை. மாடிப்படி ஏற மாட்டேன் என்று அழுதாள், ஒரே சோர்வு. ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு என்சைமும் எகிறியிருந்தன. மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் என்று மூன்று வாரம் ஓடியது. காமாலையில் ஏறுகிற பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சரியாகவே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டு என்சைமும் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் உண்டு. கண்ணில் மஞ்சள் இல்லை, பிள்ளைக்குப் படி ஏற முடியவில்லை என்றால் தசை கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற என்சைமான சிபிகே பரிசோதனை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் சிலருக்கு நார்மலாக வரும். ரிப்போர்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஒரு நோட்டும் செல்போன் ஸ்டாப்வாட்சும் போதும். டாக்டர்கள் சிமாஸ் என்று ஒரு பரிசோதனை செய்வார்கள். 14 வேலைகள், மொத்தம் 52 மதிப்பெண். அதிலிருந்து நாலை மட்டும் எங்கள் டாக்டரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம், அதே பாய், அதே இடம். ஞாயிறு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி நாள். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து அது, போட்டால் குமட்டும். அதனால்தான் சனி.

மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையணையை எடுத்துவிட்டு, தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். 120 வினாடி தாங்கினால் முழு மதிப்பெண். என் மகள் முதல் வாரம் 4 வினாடி தாங்கினாள். இதில் பிள்ளைகள் தில்லுமுல்லு செய்யும். தோளையும் சேர்த்து லேசாகத் தூக்கிவிட்டால் நேரம் கூடும். நான் பாய்க்கும் தோளுக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணியை வைத்துவிடுவேன். இழுத்தால் வரக் கூடாது. அடுத்தது, முட்டி மடங்காமல் ஒரு காலைத் தூக்கிப் பிடிப்பது. அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேல் 60 வினாடி. கடைசியாக, தரையிலிருந்து எழுவது. இதற்கு நேரம் வேண்டாம். தொடையில் கை ஊன்றினாளா இல்லையா என்று ஒரு வரி போதும். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் நோய் இல்லாவிட்டாலும் 120 வினாடி தாங்காது. அதனால் உங்கள் பிள்ளையின் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு தடவை தலை தூக்கும் நேரம் இரண்டே வாரத்தில் 95இலிருந்து 60க்கு இறங்கியது. சிபிகே நார்மல். “நல்லாத்தான் இருக்கா சார்” என்று சொல்லியிருந்தால் அப்படியே திரும்பியிருப்போம். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டுத் தொடைக்கு எம்ஆர்ஐ எழுதினார். தசையில் வீக்கம் இருந்தது.

தோலை டியூப் லைட்டில் பார்க்காதீர்கள். காலையில் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். இமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்பு, நகக்கண்ணில் சிவப்புக் கோடுகள். டாக்டர் நகக்கண்ணில் ஒரு சொட்டு ஜெல் வைத்து லென்ஸால் அந்தச் சிறு குழாய்களைப் பார்ப்பார். செக்கப்புக்கு முந்தின வாரம் மருதாணி, நெயில் பாலிஷ் வேண்டாம். தீபாவளிக்கு இதற்காகவே வீட்டில் ஒரு சண்டை நடந்தது.

இனி என் தொழில் கைகொடுத்த இடம். சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்பான கேன்வாஸ் துணி மடங்கிக் கிடந்தால், மேல் துணியைத் தடவும்போதே விரலுக்குத் தெரியும். கால்சியம் கட்டியும் அப்படித்தான், தோலுக்கடியில் அரிசி மணி போல உருளும். முழங்கை, முழங்கால், பிட்டம் மூன்றையும் மாதம் ஒருமுறை குளிக்க வைக்கும்போது தடவிப் பாருங்கள். நோய் அடங்காமல் நெடுநாள் இழுத்தால் இது வரலாம். பிதுக்காதீர்கள். உடைந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வரும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி புகுந்திருக்கலாம்.

டேப்பும் உதவும். மேல்கைச் சுற்றளவும் இடுப்பும் எழுதி வைக்கிறேன். கை மெலிந்துகொண்டே போய், கழுத்து மடிப்பு கறுத்தால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைகிற சிக்கல் இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் பார்ப்பார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையில் கன்னம் உப்புவது வேறு விஷயம், அது டோஸ் குறையக் குறைய வடியும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூட்டு விறைப்பைப் பார்க்க, குந்தி உட்காரச் சொன்னால் போதும். முன்பு தரையில் பதிந்த குதிகால் இப்போது எழும்பினால் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருவது, அடிக்கடி புரையேறுவது, பேச்சு திடீரென்று மூக்கால் வருவது: விழுங்கும் தசை தளர்கிறது, சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல். எல்லாவற்றையும் விட வயிற்றுவலி. குடலின் ரத்தக் குழாய் அடைத்தால் குடலில் ஓட்டையே விழலாம். ஸ்டீராய்டு வலியை மறைத்துவிடுவதால் பிள்ளை பெரிதாக அழாது. வலி விடாமல் இருந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே டியூட்டி டாக்டருக்கு இந்த நோய் பழக்கமில்லாமல் இருக்கலாம். அதனால் நோயின் பெயர், ஸ்டீராய்டு அளவு, “மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும்” என்று எழுதிய சீட்டை லேமினேட் செய்து பள்ளிப் பையில் ஒன்று, என் மிஷின் டிராயரில் ஒன்று வைத்திருக்கிறேன்.