டெபியனில் பிளாட்பேக் வழியாகச் செயலிகளை நிறுவுதல்

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்பு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளிவருகிறது என்பதால், அதன் இணையச் செயலிக் களஞ்சியத்திலுள்ள பல செயலிகள் பழைய பதிப்பிலேயே நின்றுவிடுகின்றன. இயங்குதளத்தின் அடித்தளத்தைத் தொடாமல் புதியவற்றைப் பெற, 2016 வரை எக்ஸ்டிஜி-ஆப் என்று அழைக்கப்பட்ட பிளாட்பேக் முறையே தொல்லை குறைந்தது என்பது என் கருத்து.

க்னோம் மேசைத்தளம் வைத்திருப்பவர்கள் சினாப்டிக் என்னும் பொதி நிறுவும் கருவியைத் திறந்து, பிளாட்பேக் பொதியோடு க்னோம் சாப்ட்வேர் என்னும் செயலிக் கடைக்கான பிளாட்பேக் செருகுநிரலையும் தேடிக் குறியிட்டு நிறுவ வேண்டும். செருகுநிரலை விட்டுவிட்டால், ஒவ்வொரு செயலிக்கும் முனையத்தில் (டெர்மினல்) கட்டளை தட்டச்சிட வேண்டியிருக்கும். அடுத்து, பிளாட்பேக் செயலிகள் கிடைக்கும் பிளாட்ஹப் தளத்திலிருந்து அதன் களஞ்சியக் கோப்பைப் பதிவிறக்கி, க்னோம் சாப்ட்வேரில் திறந்து சேர்த்தபின் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். (லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தில் இவை முன்னரே அமைந்திருப்பதால் அதன் பயனர்களுக்கு இந்த வேலையே இல்லை.)

பிறகு க்னோம் சாப்ட்வேரில் தேடி நிறுவும் முதல் செயலியின் பதிவிறக்க அளவு பல நூறு எம்பி எனக் காட்டினால் மலைக்க வேண்டாம். அது இயங்கத் தேவையான பொது நூலகத் தொகுப்பும் உடன் வருகிறது, அதையே பின்னர் நிறுவும் பல செயலிகளும் பகிர்ந்துகொள்ளும்.

இச்செயலிகள் கணினியின் மற்றக் கோப்புகளிலிருந்து பிரிக்கப்பட்ட தனி அடைப்புக்குள் (சாண்ட்பாக்ஸ்) இயங்குவதால், பென் டிரைவிலுள்ள கோப்பு சிலவற்றின் கண்ணில் படாமல் போகலாம். அப்போது செயலிகளின் அனுமதிகளை மாற்றும் பிளாட்சீல் என்னும் கருவியை நிறுவி, இடப்பக்கப் பட்டியலில் உரிய செயலியைத் தேர்ந்து, கோப்பு முறைமைப் பகுதியில் பென் டிரைவின் பாதையை மட்டும் சேர்த்து, செயலியை மூடித் திறந்தால் போதும். எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி தரும் பொத்தானைத் தட்டுவது எளிதுதான். ஆனால் அடைப்பின் பயன் பெரும்பாலும் அத்தோடு போய்விடும்.