கேம்கார்டரில் வைட் ஆங்கிள் லென்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான கேம்கார்டர்களில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. அகலமான காட்சி வேண்டுமென்றால் முன்பக்கத்தில் வைட் கன்வெர்ட்டர் என்ற கூடுதல் லென்ஸைத் திருகிக்கொள்கிறோம். அது ஏறியதும் ஜூம், ஃபோகஸ், அதிர்வுத் தடுப்பு மூன்றும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பழைய பழக்கத்திலேயே படம்பிடிப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

மீதிப் பாதி வாங்கும்போதே நடந்துவிடுகிறது. கன்வெர்ட்டரில் 0.7, 0.45 என்று ஓர் எண் இருக்கும். கேமராவின் குவியத் தூரத்தை (மி.மீ.) அதனால் பெருக்க வேண்டும், விடை குறையக் குறையக் காட்சி அகலும். எண் குறையக் குறைய நல்லது என்று 0.45-க்குத் தாவ வேண்டாம். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிடும் கணக்கில் 30 மி.மீ.-இல் தொடங்கும் கேம்கார்டருக்கு 0.7 கன்வெர்ட்டர் போட்டால் 21 மி.மீ. கிடைக்கும். ஓர் அறைக்கு அது தாராளம். 0.45 போட்டால் 13.5 மி.மீ. ஆகிவிடும், கதவு நிலை வில்லாக வளையும், மூலைகள் மங்கும், ஓரங்களில் ஊதா நிறம் கசியும். 40 மி.மீ.-க்கு மேல் தொடங்கும் பழைய கேம்கார்டர் என்றால் மட்டும் 0.5 வரை இறங்கலாம்.

மரை அளவையும் பாருங்கள். 37, 43, 46, 58 மி.மீ. என்று லென்ஸ் விளிம்பிலோ கையேட்டிலோ இருக்கும். 58 மி.மீ. லென்ஸில் 37 மி.மீ. கன்வெர்ட்டரை அளவு மாற்றும் வளையம் வைத்து மாட்டினால் நான்கு மூலையும் கறுத்துப்போகும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஜூமில்தான். சில கன்வெர்ட்டர்கள் ஜூமின் முழு நீளத்துக்கும் ஃபோகஸ் தரும். விலை குறைந்தவை பெரும்பாலும் அகலமான முனையிலும் அதை ஒட்டிய கொஞ்ச தூரத்திலும் மட்டுமே தரும், அதைத் தாண்டினால் படம் கரைந்துவிடும். முகத்தை ஜூம் செய்து ஃபோகஸ் பூட்டிவிட்டு, பிறகு அகலத்துக்குத் திரும்புவது நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டாவது வகைக் கன்வெர்ட்டரில் அந்தப் பழக்கமே கெடுதல். ஜூமை முழுதாக நெருக்கிய டெலி முனையில் ஃபோகஸே கிடைக்காது. தவறான இடத்தில் பூட்டிக்கொண்டு அகலத்துக்கு வருவீர்கள். வாங்கிய அன்றே ஜூமை மெதுவாக நகர்த்தி, எந்த இடத்தில் கூர்மை போகிறது என்று குறித்துவையுங்கள். அதற்கு மேல் ஜூம் தேவைப்பட்டால் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடுவதே சரி.

மலிவான 0.45 லென்ஸ்கள் பல இரண்டு துண்டாக வரும். பின்துண்டு, மிக அருகில் உள்ளதைப் படம்பிடிக்க உதவும் மேக்ரோ கண்ணாடி. கழற்றும்போது முன்துண்டு மட்டும் கையோடு வந்து, பின்துண்டு கேமராவிலேயே தங்கிவிடுவது உண்டு. அப்போது தொலைவில் உள்ள எல்லாமே மங்கலாகத் தெரியும். கேமரா பழுது என்று பயப்படாமல் அதைத் தேடுங்கள்.

மாட்டும் முன் கேமராவின் ஹூடையும் யூவி ஃபில்டரையும் கழற்றுங்கள். ஃபில்டரின் மேல் கன்வெர்ட்டர் ஏறினால் அந்தச் சில மில்லிமீட்டர் உயரமே மூலையைக் கறுக்கச் செய்யும். எல்சிடி திரை சட்டகத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டுமானால், இந்தக் கறுப்பு வீட்டுக்கு வந்து கணினியில் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். பிளாஸ்டிக் மரையில் கன்வெர்ட்டரை நேராக வைத்து, முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். சிறிய ‘டிக்’ உணர்ந்ததும் வலப்பக்கம் திருகுங்கள். கோணலாக ஏறிக் கெட்ட மரை திரும்பச் சரியாகாது. கண்ணாடியின் இரு பக்கத்தையும் கேமரா லென்ஸையும் ஊதித் துடைத்துவிடுங்கள். அகலமான முனையில், வெயிலில், ஐரிஸ் (ஒளி நுழையும் துளை) சுருங்கும்போது லென்ஸ் மேல் உள்ள தூசிகூடப் புள்ளியாகப் பதியும்.

மெனுவில் கன்வெர்ட்டர் லென்ஸுக்கான தேர்வு இருந்தால் அதை ‘வைட்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் அதிர்வுத் தடுப்பு தேவைக்கு மேல் திருத்தி, படம் மிதப்பதுபோல் ஆகும். எலெக்ட்ரானிக் முறையில் இயங்கும் அதிர்வுத் தடுப்பு இன்னொரு வகையில் கெடுக்கும். அது படத்தின் ஓரங்களை வெட்டித்தான் வேலை செய்கிறது. காசு கொடுத்து வாங்கிய அகலம் அங்கேயே போய்விடும். லென்ஸ் பாகங்களை அசைத்துத் திருத்தும் ஆப்டிகல் முறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், டிரைபாடில் அதையும் அணைத்துவிடுங்கள். முன்பாரம் கூடுவதால் டிரைபாட் தலையில் கேமராவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பூட்ட வேண்டியிருக்கும்.

இனி சட்டகம். ஒருவருடைய மூக்கு லென்ஸிலிருந்து 40 செ.மீ.-இலும் காது 50 செ.மீ.-இலும் இருந்தால், மூக்கு காதைவிட 25 சதவீதம் பெருத்துப் பதியும். 150 செ.மீ. தள்ளி நின்றால் அது ஏறத்தாழ 7 சதவீதம்தான். ஆகவே பேட்டிக்குக் கன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். குழுவாக நிற்பவர்களை எடுக்கும்போது யாரையும் சட்டகத்தின் விளிம்பில் நிறுத்தாதீர்கள், அங்கே உடல் பக்கவாட்டில் இழுபடும். கேமராவை மேலோ கீழோ சாய்த்தால் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். சாய்ப்பதற்குப் பதில் டிரைபாடின் உயரத்தை மாற்றுங்கள். கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் (பேன் செய்தால்) ஓரத்தில் உள்ளவை நீண்டு சுருங்கும். கேமராவைத் திருப்பாமல், பிடித்தபடியே மெதுவாக நடந்து முன்னேறினால் அகல லென்ஸின் அழகு முழுதாகத் தெரியும்.