செயற்கை எலும்புத் துகள்: முதல் வாரங்களிலேயே புண் ஆறுவதைக் கெடுக்கும் தவறுகள்

பல் எடுத்த குழியில் நிரப்பும் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் துகள் தானாக எலும்பை உண்டாக்காது. இரத்தக்குழாய்களும் எலும்புச் செல்களும் ஏறிப் படர அது ஒரு பந்தல், அவ்வளவுதான். கொடி கிளம்ப வேண்டிய இடம் குழியின் சுவர். கீழே சொல்லும் தவறுகளில் பல, இதை மறப்பதால் வருபவை.

துகளை இடித்து அடைப்பதுதான் அடிக்கடி நடப்பது. 0.5 முதல் 1 மி.மீ. துகள்களுக்கு நடுவே இயல்பாக இருக்கும் இடைவெளி வழியாகத்தான் புதுக்குழாய்கள் நுழைகின்றன. அழுத்தினால் துகள் நொறுங்கி அந்த வழி அடைபடும். நுண்தூளை விழுங்க மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்கள் திரள, அழற்சி கூடும். அதற்காகத் தொளதொளவென்று விடவும் கூடாது. ஆடும் துகளைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். ஒன்றையொன்று தொட்டு, நகராமல் நின்றால் போதும். எலும்பு விளிம்போடு நிறுத்திவிடுங்கள். கோபுரமாகக் குவித்தது ஈறில் சிக்கும், இல்லையேல் உதிரும்.

நிரப்பும் முன் குழியைப் பாருங்கள். பழைய அழற்சித் திசு ஒட்டிக்கொண்டிருந்தால் க்யூரெட்டால் (கரண்டி போன்ற சுரண்டு கருவி) முழுதும் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகும் சுவரில் இரத்தம் கசியவில்லை என்றால், சலைன் (உப்புநீர்) பாய்ச்சியபடி சிறிய உருண்டை பர்ரால் (சுழலும் துளைமுனை) சில துளைகள் இடலாம். துகளை நோயாளியின் இரத்தத்தில் நனைப்பது நல்லது. சலைனில் மிதக்கவிட்டு அப்படியே கொட்டினால் இரத்தம் உள்ளே ஏற இடமில்லை. குழியில் நிரப்பும் இன்னொரு பொருளான கால்சியம் சல்பேட் இதற்கு நேர்மாறு: அதில் இரத்தமோ எச்சிலோ கலந்தால் சரியாக இறுகாது. உடன் வரும் திரவத்திலேயே குழைத்து, உலர்ந்த காஸ் துணி வைத்து இறுகும்வரை பிடிக்க வேண்டும்.

கரையும் வேகத்தைப் பார்க்காமல் பொருளைத் தேர்வதும் தவறு. கால்சியம் சல்பேட் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். சுவர் இழந்த பெரிய குழியில் அதை மட்டும் போட்டால், எலும்பு வருமுன் இடம் சரிந்துவிடும். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் கரைய மாதக்கணக்கில் ஆகும். மற்றொரு நிரப்புப் பொருளான அடர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட்டோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எக்ஸ்ரே ஏமாற்றுவது இரண்டு பக்கமும் நடக்கிறது. எட்டாவது வாரத்தில் தெரியும் வெண்மை பெரும்பாலும் துகள்தான். அதை எலும்பென்று நம்பி இம்பிளான்ட் (செயற்கைப் பல்வேர்) போட அவசரப்படுகிறார்கள். துகள் கரையத் தொடங்கி நிழல் மங்கும்போது, தோற்றுவிட்டது என்று திரும்பச் சுரண்டுபவர்களும் உண்டு. புது எலும்பு அடியிலும் சுவரிலும் தொடங்கி, நடுப்பகுதியை எட்டுவது கடைசியில்தான்.

தையல் இழுபட்டால் காயம் வாய் திறக்கும், துகள் வெளியேறும். பெரியாஸ்டியத்தை (எலும்பை மூடிய சவ்வு) கீறி ஃபிளாப்பை (பிரித்தெடுத்த ஈறு மடல்) தளர்த்திய பிறகே தையுங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, நாக்கால் துழாவக் கூடாது, புகை கூடவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். ஓரிரு துகள் உப்புக்கல் போல வாயில் தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். சீழோ, கூடிக்கொண்டே போகும் வலியோ இருந்தால் அன்றே வரவேண்டும்.