முன்சைட்டில் ஃபைபர் குச்சி மாற்றுவது எப்படி?

துப்பாக்கிக் குழலின் முனையில் குறிபார்க்க இருக்கும் முன்சைட்டில் மின்னும் அந்தப் பச்சைப் புள்ளிக்கு பேட்டரி கிடையாது. ஃபைபர் என்னும் சாயம் கலந்த பிளாஸ்டிக் குச்சி பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தை வாங்கி இரண்டு முனைக்கும் அனுப்புகிறது, அவ்வளவுதான். எங்கள் மதுரை வெயிலில் பச்சைதான் எடுப்பாகத் தெரியும் என்பது என் அனுபவம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வதும் பச்சையைத்தான்.

முதல் வேலை, மேகசினை (குண்டுகள் அடுக்கும் பெட்டி) கழற்றி, குழலில் குண்டு ஏறும் சேம்பரைத் திறந்து, உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணால் பார்ப்பது. விரலாலும் தடவிப் பாருங்கள். ஏர் பிஸ்டலானாலும் .32 காலிபர் துப்பாக்கியானாலும் இதில் சலுகை இல்லை. குண்டுகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

அடுத்து சைட் ஆடுகிறதா என்று பாருங்கள். திருகு வைத்த சைட் என்றால் கழற்றி, திருகுக்கு மட்டும் ஒரு சொட்டு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்குங்கள். அது ஃபைபரில் பட்டால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழக்கூடும். அதனால் பசை நன்றாகக் காய்ந்த பிறகே புதுக் குச்சியை மாட்ட வேண்டும்.

குச்சி பெரும்பாலும் 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. தடிமனில் வரும். சைட்டின் துளைக்குள் தாராளமாக நுழைய வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது. சைட்டின் நீளத்தைவிட 5 மி.மீ. கூடுதலாக, கூர்மையான நகவெட்டியால் வெட்டுங்கள். மழுங்கிய கட்டர் முனையை நசுக்கிவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் கனலும் நுனியைக் குச்சியின் முனைக்கு அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். லைட்டர் தீ கரி படிய வைக்கும். இழுத்து நீட்டிச் செய்த குச்சி என்பதால் சூடு பட்டதும் முனை சுருங்கித் தடித்து, தீக்குச்சியின் மருந்துத் தலை மாதிரி உருளும். நீங்கள் குறிபார்க்கும் பக்கத்துத் தலையை இப்படி வெளியிலேயே செய்துவிடுங்கள். கோணலாக வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யலாம். பிறகு பின்பக்கத்திலிருந்து நுழைத்து, முன்பக்கம் சுமார் 1.5 மி.மீ. மட்டும் விட்டு வெட்டி, அங்கேயும் ஊதுபத்தி காட்டுங்கள். இளகியிருக்கும்போதே கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தினால் தலை துளையில் பதியும்.

குச்சியைப் பிடித்து வைப்பது இந்த இரண்டு தலைகள்தான், பசை அல்ல. முதல் தடவை நான் சூப்பர் க்ளூவை நம்பினேன். அது வெள்ளையாகப் பூத்துப் புள்ளியை மங்கவைத்தது, கொஞ்ச நாளில் குச்சியும் விழுந்துவிட்டது.

பராமரிப்பு எளிது. துப்பாக்கி துடைக்கும் சால்வென்ட், அசிட்டோன் எதுவும் குச்சியில் படக்கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பக்கவாட்டுத் திறப்பில் புழுதி அடைந்தால் புள்ளி மங்கும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் துப்பாக்கியை விடாதீர்கள். வெயிலில் சாயம் வெளுத்த குச்சியைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். விலை அற்பம்தான், பையில் இரண்டு உதிரி வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போன்ற, ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் போட்டிகளில் ஃபைபர் சைட்டுக்கு அனுமதி இல்லை. மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் தம்பி, தங்கைகள் சாதாரணக் கறுப்பு சைட்டிலேயே பழகுங்கள்.