ஜமைக்காவில் குழந்தைகளுடன் தொண்டு: அன்றாடம் நேரும் தவறுகள்

கரீபியன் என்றதும் கடற்கரைதான் கண்முன் வரும். தொண்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களும் அதையேதான் காட்டுகின்றன: நீலக் கடல், தென்னை, வெளிநாட்டுக்காரர் தோளில் ஏறிச் சிரிக்கும் ஒரு குழந்தை. ஆனால் ஜமைக்காவில் ஒரு தன்னார்வலரின் நாள் பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டிய ஒரு பேசிக் ஸ்கூலில், அதாவது மழலையர் பள்ளியில், கழியும். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவ வேண்டும், ஷூ லேஸ் கட்டிவிட வேண்டும், மூக்கைத் துடைத்துவிட வேண்டும், மதியம் தட்டுகளைக் கழுவி அடுக்க வேண்டும். குழந்தைகள் இல்லம் என்றால் சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்குத் துணையாக உட்கார வேண்டும்.

இங்கே ஜமைக்காவைப் பற்றி மட்டுமே சொல்கிறேன், ஏனென்றால் கரீபியன் ஒரே ஊர் கிடையாது. டொமினிகன் குடியரசுக்குப் போக ஸ்பானிஷ் தெரிய வேண்டும். ஹைட்டியின் தலைநகர் பெரும்பாலும் ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது. இந்த நிலையில் தொண்டு என்ற பெயரில் அங்கே போக நினைப்பதே தவறு.

போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், குழந்தைகளிடம் சீக்கிரம் நெருங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில். நாம் ஓரிரு மாதத்தில் கிளம்பிவிடுவோம். அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது அந்த டீச்சரும் இல்லத்து ஆன்ட்டியும்தான். நாம் செய்கிற ஒவ்வொரு சின்ன விஷயமும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும்.

கிளம்பும் முன்

சம்பளம் இல்லாத வேலைதானே, சுற்றுலாப் பயணியாகவே போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜமைக்காவில் ஊதியமில்லாத தொண்டுக்கும் வேலை அனுமதியோ அதற்கான விலக்கோ வாங்க வேண்டும். யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதை அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு அமெரிக்கா வழியாகப் போகிறீர்கள் என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு இது தெரிந்து தவிப்பவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. போலீஸ் சான்றிதழ் கேட்காமல், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்காமல், பணம் கட்டினால் போதும் என்று உங்களைக் குழந்தைகளிடம் விடும் இல்லத்துக்குப் போகாதீர்கள். உங்களை விசாரிக்காதவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவரையும் விசாரித்திருக்க மாட்டார்கள். ‘அநாதை’ என்ற சொல்லையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின், 33 குழந்தைகளை எல்லை தாண்டி டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்ற பத்து அமெரிக்கர்கள் கைதானார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரிந்தது.

காலையில்

ஜமைக்காவில் ஓர் அறைக்குள் நுழைந்ததும், கடைக்குள் போனதும், பலர் சேர்ந்து போகும் ரூட் டாக்ஸியில் ஏறியதும் ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நமக்கு முன்பின் தெரியாதவருக்கு வணக்கம் சொல்லும் பழக்கம் இல்லாததால், நேராக விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அங்கே அதைத் திமிராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து, டீச்சரை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் கையசைத்தால், அன்றைக்கே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

உடையிலும் அப்படித்தான். கடற்கரைத் தீவு என்று ஷார்ட்ஸும் கையில்லாத பனியனுமாகப் பள்ளிக்குப் போகக் கூடாது. அரைக்கால் சட்டையில் வரும் பெற்றோரையே வாசலில் நிறுத்தும் பள்ளிகள் உண்டு. ராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளித் துணியைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். பொதுமக்கள் அதை அணிவது ஜமைக்காவில் சட்டவிரோதம், பிள்ளைகளின் உடைக்கும் அதே விதிதான். பள்ளி நாள் ஜெபத்தோடும் பாட்டோடும் தொடங்கும். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை, அமைதியாக நின்றால் போதும். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினர் நிறையப் பேர் இருக்கும் நாடு அது. அவர்கள் நடத்தும் இல்லமாக இருந்தால், சனிக்கிழமைக்கு விளையாட்டுப் போட்டி ஏற்பாடு செய்துவிட்டு யாருமே வரவில்லை என்று வருந்தாதீர்கள்.

வகுப்பில் டீச்சர் குரலை உயர்த்துவார். அங்கே நம்மூர் டீச்சர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். உடனே நடுவில் புகுந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு சமாதானப்படுத்துவது பெரிய தவறு. நாளைக்கு அந்த டீச்சர் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கை ஓங்கினால் கதை வேறு. 2005ஆம் ஆண்டின் சட்டப்படி பேசிக் ஸ்கூல் போன்ற மழலையர் நிலையங்களில் அடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. குழந்தைகள் இல்லங்களில் 2004இன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே 2004ஆம் ஆண்டுச் சட்டம். 211 என்ற எண்ணில் சொல்லலாம். ‘நான் வெளிநாட்டுக்காரன், எனக்கு எதற்கு வம்பு’ என்று ஒதுங்குவதும், ஃபேஸ்புக்கில் எழுதிப் பொங்குவதும் இரண்டுமே தவறு. முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

பேச்சு

பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தை ஒட்டிப் பிறந்த பட்வா என்ற ஊர்மொழி பேசுவார்கள், பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். நாம் வீட்டில் ஒரு தமிழும் பரீட்சைத் தாளில் ஒரு தமிழும் எழுதி வளர்ந்தவர்கள்தானே, இது நமக்குப் புரியாமல் போக நியாயமில்லை. இருந்தும் பிள்ளை பேசப் பேச ‘அது தப்பான ஆங்கிலம்’ என்று திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலாவது திருத்தத்தில் பிள்ளை பேச்சை நிறுத்திவிடும். நேர்மாறான தவறு, வந்த வாரமே அந்த மொழியில் பேசிக் காட்டுவது. பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் கேலி செய்வதாக நினைப்பார்கள்.

நம் தோற்றத்தைப் பார்த்து ‘கூலி’ என்று யாராவது கூப்பிடலாம். 1845இலிருந்து 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் அங்கே போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், சென்னை வழியாகப் போனவர்களும் சிலர். குண்டானவரை ‘ஃபேட்டி’ என்றும் ஒல்லியானவரை ‘ஸ்லிம்’ என்றும் முகத்துக்கு நேரே அழைக்கும் நாட்டில், ஐந்து வயதுப் பிள்ளை ‘கூலி’ என்றால் முகம் சிவக்கத் தேவையில்லை. உங்கள் பெயரைச் சொல்லிக்கொடுங்கள், இரண்டு நாளில் ‘மிஸ் கவி’ என்று கூப்பிடத் தொடங்கிவிடும்.

பொருள் கொடுப்பது

நல்லெண்ணம் அதிகமாகத் தடம் மாறுவது இதில்தான். ஜமைக்காவில் எத்தனையோ பேர் வேலைக்காக டொராண்டோ, நியூயார்க், லண்டன் என்று போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடமோ அத்தையிடமோ வளர்வார்கள். அம்மாவுக்குப் பதிலாகப் பெரிய பீப்பாயில் அரிசி, சோப்பு, ஷூ, பொம்மை எல்லாம் கப்பலில் வரும். இப்படி வளரும் பிள்ளைகளை ‘பேரல் சில்ட்ரன்’ என்று குறிப்பிட்டு எழுதியவர் மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் கிளாடெட் கிராஃபர்ட்-பிரௌன். வெளிநாட்டிலிருந்து பொருள் வரும், கொடுத்தவர் வர மாட்டார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நாமும் ஒரு பை மிட்டாயோடு வந்து, அழுதுவிட்டுக் கிளம்பினால், அவர்கள் அனுபவத்தில் அது இன்னொரு பீப்பாய்தான்.

அதனால் எந்தப் பொருளையும் பிள்ளை கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு மட்டும் ஷூ வாங்கிக் கொடுத்தால், அதைப் பெரிய பையன்கள் பிடுங்குவார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். கொடுக்க வேண்டுமென்றால் தலைமை ஆசிரியரிடமோ இல்லப் பொறுப்பாளரிடமோ கொடுங்கள், யாருக்கு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதற்கும் முன்னால் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பழைய டெடி பொம்மைகளை வைக்க இடமில்லாமல் தவிக்கும் இடங்களில், கழிவறைக் காகிதமும் பிரின்டர் மையும் தீர்ந்துபோயிருக்கும். ஊரிலிருந்து 230 வோல்ட் மின்சாதனங்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அங்கே 110 வோல்ட்.

மடியில் உட்காரத் தேடிவரும் குழந்தையை என்ன செய்வது? தள்ளிவிட முடியாது, சரி. பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கை போடலாம். மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் இருக்கலாம். ஒருவரை மட்டும் ‘என் செல்லம்’ ஆக்கிக்கொள்ளக் கூடாது. பார்த்த அரை மணியில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையை ‘எவ்வளவு பாசம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கவலைதான் வரும். வீட்டில் நிலையாக ஓர் ஆள் இருக்கும் குழந்தை புதியவரைக் கண்டால் கொஞ்சம் தயங்கும்.

சிறுமிகளின் பின்னலைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வாரம் முழுக்கத் தாங்கும்படி போட்டது அது.

உடம்பு, சாப்பாடு, தண்ணீர்

ஜமைக்காவில் ஏறத்தாழ 150 குழந்தைகளில் ஒன்று அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோயோடு பிறக்கிறது. நீலகிரிப் பழங்குடிக் கிராமங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த நோய் பழக்கமாக இருக்கும், மற்றவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடினால், குளிர்ந்த நீரில் ஊறினால், காய்ச்சல் வந்தால் எலும்புக்குள் தாங்க முடியாத வலி கிளம்பும். கால் வலிக்கிறது என்று ஓரமாக உட்காரும் பிள்ளையை ‘சோம்பேறி, வா’ என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். யாருக்கு இந்த நோய் என்று முதல் நாளே டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

அக்கி பழம் ஜமைக்காவின் தேசியப் பழம். மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்ததை மட்டும்தான் பறிக்க வேண்டும். மூடிய காயில் உள்ள நஞ்சு ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், உயிரே போகலாம். பிள்ளைகள் கல்லெறிந்து விழவைத்த காயை ‘இயற்கையான பழம்’ என்று வாயில் போடாதீர்கள், அவர்களையும் போடவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. கல்லலூ என்பது நம் குப்பைக்கீரைதான், பார்த்ததும் மனம் குளிரும். ஆனால் அதில் உப்புக் கருவாடு போட்டு வதக்கியிருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ராஸ்தஃபாரி சமயத்தாரின் ஐட்டல் என்ற சைவ உணவில் பெரும்பாலும் உப்பே இருக்காது. ஊறுகாய் எடுத்துப் போவதில் தவறேதும் இல்லை.

தீவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று எண்ணிக் கடலுக்கு அழைத்துப்போவது உயிரோடு விளையாடுவது. பலருக்குத் தெரியாது. குழாய்த் தண்ணீர் நின்றுபோவது சகஜம், வெளியே இருக்கும் கறுப்புத் தொட்டியில் உள்ளதை வைத்துத்தான் எல்லாரும் சமாளிப்பார்கள். நீங்கள் மட்டும் இருபது நிமிடம் குளித்தால் பேச்சு வரும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூலையில் பெரில், 2025 அக்டோபர் 28 அன்று மெலிஸா. மெலிஸா ஐந்தாம் வகைப் புயலாகத் தென்மேற்கில் கரையேறி, பள்ளிக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அந்த மாதங்களில் போவதென்றால், புயல் வந்தால் எங்கே தங்கவைப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புயல் கடந்த மறுவாரம் அழைப்பில்லாமல் போய் நிற்காதீர்கள், இருக்கும் சோற்றில் உங்களுக்கும் பங்கு வைக்க வேண்டிவரும்.

போனும் பிரிவும்

புகைப்படம் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தைப் போடக் கூடாது. சிலர் வீட்டில் அனுபவித்த கொடுமையிலிருந்து தப்பி அங்கே வந்தவர்கள், பின்னணியில் தெரியும் பள்ளிப் பெயர்ப்பலகையே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

கிளம்பும் தேதியை முதல் வாரமே வகுப்புச் சுவரில் எழுதிவிடுங்கள். கடைசி நாள் திடீரென்று சொல்லி, எல்லாரையும் அழவைத்து, அதை வீடியோவும் எடுப்பது கொடுமை. ‘சீக்கிரம் வந்துவிடுவேன்’ என்று சொல்லவே கூடாது. டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் சொல்லலாம். பிள்ளைகளிடம் வாட்ஸ்அப் எண் தராதீர்கள். யாருக்கு எந்த எழுத்து வரை தெரியும், யார் எந்தக் கணக்கில் தடுமாறுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி டீச்சரிடம் கொடுங்கள், அழுகையைவிட அது உதவும்.

ஊருக்கு வந்த பிறகும் விசாரிக்கத் தோன்றினால் டீச்சரைக் கூப்பிடுங்கள். சென்னைக்கும் கிங்ஸ்டனுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நமக்கு மாலை ஆறு மணி என்றால் அவருக்குக் காலை ஏழரை, பிள்ளைகள் வந்து சேரும் நேரம், எடுக்க மாட்டார். நீங்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து கூப்பிட்டால் அவருக்கு இரவு ஏழரை, அப்போது பேசுவார்.